நாலு மணிச் சுடுதண்ணி

கொழும்பில் குளிக்கச் சுடுதண்ணி எதற்கு என்று கேட்டவன்தான் நானும். குழாயில் வருகிற தண்ணீரே இருபத்தேழு, இருபத்தெட்டுப் பாகை இருக்கும். மொட்டை மாடித் தாங்கி வெயிலில் காய்ந்த நாட்களில் மத்தியானம் பைப்பைத் திறந்தால் கை பொறுக்காது. வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில், மேல்மாடி அனெக்ஸுக்குக் குடிவந்தபோது குளியலறை மூலையில் ஒரு ஐம்பது லீற்றர் கீசர் தொங்கியது. கடல்காற்றுப் பட்டு அதன் அடிப்பக்கம் துருவேறியிருந்தது. ‘கிடந்தால் கிடக்கட்டும்’ என்று விட்டுவிட்டேன்.

2024 தைப்பொங்கல் கழிந்து யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்தார். முழங்கால் வாதம். விடிய ஐந்து மணிக்கு ஒரு வாளி சுடுதண்ணி, பொழுதுபட இன்னொரு வாளி, காலுக்கு ஊற்ற. அடுப்பில் காய்ச்சித் தூக்கிக்கொண்டு போகிற வேலையை நான் இரண்டு நாள் செய்தேன். மூன்றாம் நாள் கீசரின் சுவிச்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகு அந்தச் சுவிச்சை நாங்கள் அணைக்கவேயில்லை. சூடானதும் அது தானாக நின்றுவிடுமே, பிறகு என்ன செலவு என்பது என் எண்ணம்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு பின்னேரம் அங்கிள் கீழே கூப்பிட்டார். வீட்டுக்காரரை அங்கிள் என்றும் அவருடைய மனைவியை அன்ரி என்றும்தான் கூப்பிடுவேன். நல்ல மனிதர்கள். மேசையில் கரண்ட் பில் விரித்து வைக்கப்பட்டிருந்தது, அதன் மேல் மூக்குக்கண்ணாடி.

“தம்பி, குறை நினைக்க வேண்டாம். உங்கட கீசரால பில் எங்கேயோ போகுது.”

“கீசர் முதலே இருந்ததுதானே அங்கிள்.”

“இருந்தது. ஆனா ஒருத்தரும் போடேல்லையே.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பில்லைப் பார்த்ததும் ஒரு விஷயம் கண்ணில் குத்தியது. நான் முன்பு வாடகைக்கு இருந்த இடங்களில் பில் என்றால் படிப்படியாக ஏறுகிற கட்டணம்: முதல் 60 யூனிட்டுக்கு ஒரு விலை, 61 முதல் 90 வரை ஒரு விலை, பிறகு 120, 180 என்று போய் அதற்கு மேலே உள்ளதற்கு எல்லாவற்றிலும் கூடின விலை. இந்தப் பில்லில் அப்படி இல்லை. பகல், உச்ச நேரம், உச்சமற்ற நேரம் என்று மூன்றே வரிகள். ஒவ்வொன்றுக்கும் தனி யூனிட், தனி விலை.

“அங்கிள், இது நேரத்துக்கு நேரம் விலை மாறுற மீற்றர். ஏன் இதை எடுத்தனீங்கள்?”

அங்கிள் யோசித்தார். அன்ரிதான் சமையலறையிலிருந்து சொன்னார்: “அது மகன்ர காருக்கு எடுத்தது.”

கதை இதுதான். 2015 வாக்கில் கொழும்பில் நிசான் லீஃப் மின்சாரக் கார்கள் திடீரென்று பெருகின. அதே ஆண்டில்தான், மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீடுகள் விரும்பினால் எடுக்கக்கூடிய நேரவாரிக் கட்டணம் வந்தது. காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், 6.30 முதல் இரவு 10.30 வரை உச்சம், 10.30 முதல் விடிய 5.30 வரை உச்சமற்ற நேரம். அப்போதைய விலை யூனிட்டுக்குப் பகலில் 25 ரூபா, உச்சத்தில் 54, உச்சமற்ற நேரத்தில் 13. இரவில் காரைச் செருகிவிட்டுப் படுப்பவனுக்கு இது அடித்த லொத்தர். அங்கிளின் மகனும் அப்படித்தான் எடுத்திருக்கிறார். பிறகு காரை விற்றார், மெல்பேர்னுக்குப் போனார். காருக்காக எடுத்த மீற்றர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

கார் இல்லாத வீட்டில் அந்த மீற்றர் என்ன செய்யும்? மாலை ஆறரைக்கு எல்லா விளக்கும் எரியும். ரீவி நாடகம். ரைஸ் குக்கர். அன்ரி அடுத்த நாளுக்கு அங்கிளின் சேட்டை அயர்ன் பண்ணுவதும் அப்போதுதான். கீழ்வீட்டுக் கீசர் இரண்டும் இரவுக் குளியலுக்குச் சூடாகும். மேலே எங்கள் கீசர், அம்மா பொழுதுபட ஒரு வாளி எடுத்ததும் உள்ளே பச்சைத்தண்ணி புக, மறுபடி எரியும். எல்லாம் சரியாக அந்த நாலு மணித்தியாலத்துக்குள். அந்த மாதம் முழு வீட்டுக்கும் 412 யூனிட், அதில் உச்சத்தில் மட்டும் 148.

விலைகளை இங்கே நான் இன்றைய கணக்கில் எழுதவில்லை, எழுதினால் அடுத்த திருத்தத்தோடு பழசாகிவிடும். 2022 ஆகஸ்டில் சராசரி 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் 66 வீதம் ஏறியது, 2025 ஜனவரியில் 20 வீதம் இறங்கியது, ஜூனில் மறுபடி 15 வீதம் ஏறியது. உங்கள் பில்லில் அச்சாகியிருப்பதுதான் உங்கள் விலை. ஆனால் விகிதம் புரிவதற்கு 2015 விலையிலேயே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஐம்பது லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 60க்குக் கொண்டுபோகக் கிட்டத்தட்ட 1.9 யூனிட் வேண்டும். 2000 வாட் கொயிலுக்கு அது ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைந்த வேலை. நாளுக்கு இரண்டு யூனிட் என்று வைத்தால் மாதம் 60. உச்சத்தில் 3240 ரூபா. உச்சமற்ற நேரத்தில் 780. தண்ணீர் ஒன்று, சூடு ஒன்று, குளிப்பவரும் ஒருவர்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் அலுவலகத்தில் பாதிப் பேர் இதில் ஏமாந்திருக்கிறார்கள். ‘இரவு பத்தரைக்குப் பிறகு கரண்ட் மலிவு’ என்று நம்பி நடுச்சாமத்தில் எழும்பி உடுப்புத் தோய்க்கும் மெஷினைப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய வீட்டில் இருப்பது சாதாரணப் படிக்கட்டு மீற்றர். அதற்கு மணி தெரியாது. நடுச்சாமத்தில் எரித்தாலும் மத்தியானம் எரித்தாலும் யூனிட் யூனிட்தான். மாத முடிவில் எத்தனையாம் படியில் போய் நிற்கிறீர்கள் என்பது மட்டுமே கணக்கு. பில்லில் மூன்று வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நித்திரையைக் கெடுக்க வேண்டாம்.

எங்களுக்கு இருந்தது இன்னொரு சிக்கல். கேற்றடியில் இருப்பது ஒரே மீற்றர். அனெக்ஸுக்கு ஒரு சப் மீற்றர், பழைய வகை, சக்கரம் சுற்றுவது. அதற்கும் மணி தெரியாது. அங்கிள் முழுப் பில்லை முழு யூனிட்டால் வகுத்து, என் யூனிட்டால் பெருக்கி, துண்டு ஒன்றில் எழுதித் தருவார். நான் நடுச்சாமத்தில் சூடாக்கினால் மிச்சப்படுவது அவருக்கும் பங்காகப் போகும். அவர் உச்சத்தில் எரித்தால் அதில் எனக்கும் பங்கு வரும். கோபப்பட ஒருவரும் இல்லாத அநியாயம் இது.

சண்டைக்குப் போகுமுன் என் பக்கத்தை அளந்து பார்ப்போம் என்று நினைத்தேன். சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போகும்போது குளிர்சாதனப் பெட்டியை வெறுமையாக்கி அணைத்தேன். எல்லாப் பிளக்கையும் கழற்றினேன். கீசரை மட்டும் வேண்டுமென்றே போட்டபடி விட்டேன். சப் மீற்றரைப் படமெடுத்துக்கொண்டு புறப்பட்டோம். நான்கு நாள் கழித்து வந்து பார்த்தால் ஆறு யூனிட் ஓடியிருந்தது. ஒருவரும் ஒரு சொட்டுத் தொடவில்லை. தாங்கி குளிர்ந்து குளிர்ந்து சூடாகியே நாளுக்கு ஒன்றரை யூனிட் தின்றிருக்கிறது. புதுத் தாங்கி என்றால் இதைவிடக் குறையும். இது வெளித்தகட்டைத் தொட்டாலே இளஞ்சூடு தெரிகிற கிழடு. மாதத்துக்கு 45 யூனிட், குளிக்காத தண்ணீருக்கு. அங்கிள் சொன்னதில் உண்மை இருந்தது என்று ஒப்புக்கொள்ள எனக்கு அந்த நான்கு நாள் தேவைப்பட்டது.

அடுத்த சனிக்கிழமை புறக்கோட்டைக்குப் போனேன். முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாரச் சாமான் கடைகளுக்குக் குறைவில்லை. பிளக்கில் செருகுகிற டைமர் ஒன்று வாங்கினேன்: வட்டத் தட்டு, சுற்றிவரச் சின்னச் சின்னப் பற்கள், ஒரு பல்லுக்குக் கால் மணித்தியாலம். நாலு முதல் ஐந்து வரைக்குமான நாலு பற்களை அமத்திவிட்டேன். அம்மா ஐந்துக்கு எழும்பும்போது தண்ணீர் தயார், விலை மாற இன்னும் அரை மணித்தியாலம் மிச்சம். மாலைக்கு வேண்டுமே என்றால், அறுபது பாகையில் நிறைந்த தாங்கியில் விடிய ஒரு வாளி எடுத்தாலும் பொழுதுபட ஏழு மணிக்கு அம்மாவின் வாளிக்குப் போதுமான சூடு நின்றது. அறுபது பாகைத் தண்ணீர் அப்படியே மேலில் ஊற்றுவதல்ல; பச்சைத்தண்ணி கலந்து குளிக்கிற பதத்துக்குக் கொண்டுவந்தால் ஐம்பது லீற்றர் நூற்று நாற்பதாகப் பெருகும். இரண்டு பேர் குளிக்கும் வீட்டுக்கு ஒரு தடவைச் சூடு தாராளம்.

தெர்மோஸ்டாட்டை 75இலிருந்து அறுபதுக்கு இறக்கியதும் அப்போதுதான். அதற்குக் கீழே இறக்க வேண்டாம். நாற்பது பாகையில் நாட்கணக்காக நிற்கும் தண்ணீரில் கிருமி வளரும்.

டைமர் மூன்று வாரம் ஒழுங்காக வேலை செய்தது. நாலாவது வாரம் குளியலறைக்கு வெளியே ஒரு பொசுங்கல் வாசம். பிளக்கைக் கழற்றினால் டைமரின் ஒரு துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் மண்ணிறமாகி, அப்பத்தின் விளிம்பு மாதிரி முறுகியிருந்தது. 13 அம்பியர் என்று அதன் முதுகில் எழுதித்தான் இருந்தது. 2000 வாட் என்றால் ஒன்பது அம்பியருக்குள்தான். ஆனாலும் தளர்ந்த பிளக்கில், ஒரு மணித்தியாலம் விடாமல் ஒன்பது அம்பியர் ஓடினால், அந்த விலைக்கு விற்கிற டைமரால் தாங்க முடியாது. கைபேசி சார்ஜருக்கும் மேசை விளக்குக்கும் அது நல்லது. கீசருக்கு வேண்டாம்.

அதை மாற்றுவதற்குள் அடுத்தது வந்தது. ஒரு நாள் விடிய நாலே கால். டப் என்று ஒரு சத்தம், பிறகு முழு வீடும் நிசப்தம். பங்கா நின்ற நிசப்தம் எப்படி இருக்கும் என்று கொழும்பில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழே ட்ரிப் சுவிச் விழுந்திருந்தது. அங்கிள் சாரத்தைப் பிடித்துக்கொண்டு ரோர்ச் லைட்டோடு வந்து தூக்கிவிட்டார். பத்து நிமிடத்தில் மறுபடி டப். அடுத்த நாளும் நாலே காலுக்கு. அதற்கு அடுத்த நாளும். மூன்றாம் நாள் அன்ரி சொன்னார்: “தம்பி, எனக்கு இப்ப அலாரம் தேவையில்லை.”

எதனால் விழுகிறது என்று கண்டுபிடிக்க விஞ்ஞானம் தேவையில்லை, பொறுமை போதும். எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கீசரைப் போட்டதும் உடனே விழவில்லை, அதனால் முதலில் கீசர் நல்லது என்று நினைத்துவிட்டேன். சூடேறிப் பத்து நிமிடம் கழித்துத்தான் விழுந்தது. இதை நினைவில் வையுங்கள்: சுவிச்சைப் போட்டவுடன் விழாவிட்டால் அந்தச் சாமான் சுத்தம் என்று அர்த்தமில்லை.

அங்கிளுக்குத் தெரிந்த ஒரு பாஸ் வந்தார். கொழும்பில் கல் கட்டுபவர், குழாய் பொருத்துபவர், வயர் இழுப்பவர் எல்லோரும் பாஸ்தான். வந்தவர் கீசரை அண்ணாந்து பார்த்தார், ட்ரிப் சுவிச்சைக் குனிந்து பார்த்தார், ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார். “கீசர் லைனை ட்ரிப்புக்கு முன்னால எடுத்து டிரெக்ட்டாக் குடுப்பம். பிறகு விழாது.”

அங்கிள் தலையாட்டினார். மலிவு, உடனடி, சத்தமில்லை.

நான் அன்று கொஞ்சம் குரலை உயர்த்தினேன் என்று நினைக்கிறேன். அந்தப் பெட்டி விழுவது கோளாறல்ல, அதன் வேலையே அதுதான். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமாக இருக்க வேண்டும். 30 மில்லி அம்பியர் குறைந்தாலும், எங்கேயோ ஒழுகுகிறது, அது ஓர் ஆளின் உடம்பு வழியாக இருக்கலாம் என்று அது வெட்டிவிடும். ஒழுகுகிற கொயிலை நேரடியாகக் கொடுத்தால் வீடு நிசப்தமாகத்தான் இருக்கும். ஈரக் காலோடு பைப்பைப் பிடிக்கப் போவது அம்மா. “அங்கிள், ட்ரிப்பைக் கழட்டுறதெண்டா நான் கீசரையே கழட்டி வைக்கிறன், அம்மாவுக்கு அடுப்பில காய்ச்சிறன்” என்றேன். அன்ரி இடையில் புகுந்து, “வேண்டாம், வேற ஆளைக் கூப்பிடுங்கோ” என்று முடித்துவைத்தார்.

வேறு ஆள் மெகர் கொண்டுவந்தார். அதுதான் வித்தியாசம். காப்பு எதிர்ப்பை அளக்கிற அந்தக் கருவி இல்லாமல் கீசர் பார்க்க வருகிறவருக்கு இனி நான் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவேன். மெயினை அணைத்து, வயரைக் கழற்றி, கொயிலின் முனையிலும் தாங்கியின் உடம்பிலும் முள்ளை வைத்தார். குறைந்தது ஒரு மெகா ஓம் வர வேண்டிய இடத்தில் ஊசி சைபரை ஒட்டி நின்றது. தண்ணீரை வடித்துக் கொயிலை வெளியே இழுத்தார். செப்புக் குழாயில், காய்ந்து வெடித்த முருங்கைக்காய் போல, நீளவாக்கில் ஒரு கீறல். குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொள்ளும், சூடேறும்போது வாய் திறக்கும். பத்து நிமிடத்தின் இரகசியம் அதுதான்.

யாழ்ப்பாணத்துக் கேத்தில் மாதிரி உள்ளே சுண்ணாம்பு அப்பியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். அதிகம் இல்லை. லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் களனி ஆற்றிலிருந்தும் வருகிற கொழும்புக் குழாய்த் தண்ணீர், நம்மூர்ச் சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீர் போல வன்மையானதல்ல. குழாய்க் கிணற்றிலிருந்து தண்ணீர் ஏற்றுகிற மாடிக் கட்டடம் என்றால் கதை வேறு. எங்கள் தாங்கியின் நோய் இன்னொன்று. கொயிலோடு சேர்ந்து ஒரு மக்னீசியக் கோல் இருக்கும். தாங்கியின் இரும்பு அரிக்காமலிருக்கத் தான் கரைந்துபோகிற கோல். கைவிரல் தடிப்பில் இருக்க வேண்டியது, நடுக்கம்பி மட்டும் மிஞ்சித் தென்னோலை ஈர்க்காக நின்றது. எத்தனை வருடமாக ஒருவரும் திறந்து பார்க்கவில்லையோ. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்த்திருந்தால் தாங்கி இன்னும் பத்து வருடம் இருக்கும் என்றார்.

அடுத்து அவர் காட்டியது என் வயிற்றைக் கலக்கியது. பச்சைத்தண்ணி உள்ளே போகிற குழாயில் ஒரு சின்னப் பித்தளை வால்வு. அமுக்கம் கூடினால் தண்ணீரை வெளியே விடுவது அதன் வேலை. ஐம்பது லீற்றர் தண்ணீர் 28இலிருந்து 60 பாகைக்குப் போகும்போது அரை லீற்றருக்கு மேல் வீங்கும். திரும்பிப் போகவிடாத தடுப்பும் அதே வால்வில் இருப்பதால், வீங்கிய தண்ணீர் அந்த மூக்கால்தான் சொட்ட வேண்டும். எனக்கு முன் குடியிருந்த யாரோ, சொட்டுகிறது என்று, அந்த மூக்கைப் பசை வைத்து அடைத்திருந்தார்கள். தெர்மோஸ்டாட்டும் ஒருநாள் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தத் தாங்கி குளியலறைக்குள் தொங்குகிற குண்டு. வாடகை வீட்டுக்குப் போகிறவர்கள் சுவரின் வர்ணத்தைப் பார்ப்பதற்கு முன் கீசரின் அடியில் இந்த மூக்கைப் பாருங்கள். சூடாகும்போது சொட்டினால் நல்லது. நாள் முழுக்கச் சொட்டினால் வால்வை மாற்ற வேண்டும். சொட்டவே சொட்டாமல், மேலே பசையோ துணியோ கண்டால் சுவிச்சில் கை வைக்க வேண்டாம்.

கொயில், கோல், வால்வு மூன்றும் மாற்றினோம். மாற்றி முடித்ததும் அவர் சுடுதண்ணிப் பைப்பைத் திறந்து, காற்று இருமி இருமி வெளியேறி, தண்ணீர் சீராக வரும் வரை சுவிச்சைத் தொடவிடவில்லை. தாங்கி நிரம்புமுன் போட்டால் புதுக் கொயில் சில நிமிடத்தில் கருகிவிடுமாம்.

காசு யார் கொடுப்பது? எங்கள் உடன்படிக்கையில் ‘சாதாரணத் தேய்மானம் வீட்டு உரிமையாளரைச் சேரும்’ என்று ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போடும்போது நான் வாசிக்காத வரி. அன்று தேடி எடுத்து வாசித்தேன். அங்கிளிடம் பத்திரத்தை நீட்டவில்லை. கரைந்த கோலையும் வெடித்த கொயிலையும் ஒரு பேப்பரில் வைத்துக் கீழே கொண்டுபோய்க் காட்டினேன். ஒருசில மாதத்தில் ஒரு கோல் அப்படிக் கரையாது என்பது பார்த்தாலே விளங்கும். அவர் அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, “சரி, இது என்ர கணக்கு” என்றார். பழுதான சாமானைக் கழற்றியவர் கொண்டுபோக விடாதீர்கள். அந்தத் துண்டு என் வாதத்தைவிட நன்றாகப் பேசியது.

அந்தச் சூட்டோடு பில் கதையையும் எடுத்தேன். எலெக்ட்ரீசியன் வீட்டில் நிற்கும்போதே இரண்டு சாமான் கேட்டோம். ஒன்று, பலகைப் பெட்டிக்குள் பொருத்துகிற நல்ல டைமர். இரண்டு, கீசர் லைனில் மட்டும் ஒரு சின்ன மீற்றர், தீப்பெட்டி இரண்டை ஒட்டிவைத்த அளவுதான். இவை என் செலவு. கணக்கு இப்படி: சின்ன மீற்றர் காட்டும் யூனிட்டுக்கு உச்சமற்ற விலை. அனெக்ஸின் மிச்ச யூனிட்டுக்கு, வீட்டின் பகல், உச்சத் தொகையைக் கூட்டி அந்த யூனிட்டுகளால் வகுத்த சராசரி. நிலைக் கட்டணத்தில் மூன்றில் ஒன்று எனக்கு. எங்கள் பங்காவும் குளிர்சாதனப் பெட்டியும் இரவிலும் ஓடுகின்றனவே, அது மலிவு யூனிட்டல்லவா என்று கேட்டால், ஆம், அதை நான் விட்டுக்கொடுத்தேன். எல்லாவற்றையும் அளக்கப் புறப்பட்டால் மீற்றர் வாங்கியே முடிந்துவிடும்.

மாதம் முதலாம் திகதி மூன்று மீற்றரையும் படமெடுத்து அங்கிளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் அன்று தொடங்கியது. கேற்றடி மீற்றரின் திரை தானாக மாறி மாறி 1.8.1, 1.8.2, 1.8.3 என்று மூன்று வாசிப்பைக் காட்டும். எது எந்த நேரம் என்று பில்லோடு ஒப்பிட்டு ஒருமுறை கண்டுபிடித்து, பெட்டியின் கதவில் பேனையால் எழுதிவைத்தேன். அதற்குப் பிறகு அங்கிளே தினம் போய்ப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. கீழ்வீட்டுக் கீசர்களும் விடிகாலைக்கு மாறின. அயர்ன் காலைக்குப் போனது. அன்ரியின் மெஷினில் ‘தாமதத் தொடக்கம்’ என்று ஒரு பொத்தான் இருந்ததை எட்டு வருடம் கழித்துக் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் மோட்டரையும் நாலு மணிக்கு வைத்தார் அங்கிள். அது மட்டும் தோல்வி. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து இரண்டு வார்த்தை சொன்னதும் மோட்டர் பகலுக்குத் திரும்பியது. நாலு மாதம் கழித்து வந்த பில்லில் உச்ச நேர யூனிட் 96.

டைமர் பற்றி ஒரு பின்குறிப்பு இருக்கிறது, ஏனென்றால் எலெக்ட்ரீசியன் பட்டரி உள்ளதாக வாங்கச் சொன்னார், நான் விலை பார்த்துத் தட்டுச் சுற்றும் வகையையே வாங்கினேன். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் இருண்டதே, அன்று எங்கள் ஒழுங்கையில் கரண்ட் வரப் பொழுதுபட்டுவிட்டது. மின்சாரம் நிற்கும்போது தட்டும் நிற்கும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து சுற்றும். அடுத்த நாள் விடிய அம்மாவுக்குப் பச்சைத்தண்ணி. கீசர் பத்து மணிக்கு, பகல் விலையில், ஒருவரும் இல்லாத வீட்டில் சுறுசுறுப்பாக எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அதைத் தொடர்ந்து அட்டவணை போட்டு வெட்டிய நாட்களில் தட்டு இன்னும் பின்னால் போனது. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டிய நாட்டில் பட்டரி இல்லாத டைமர் வாங்கினேன் என்பதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. மாற்றினேன்.

சென்ற வருடக் கடைசியில் அலுவலகம் மாறியதால் கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடிக்கு வந்துவிட்டேன். டைமரையும் சின்ன மீற்றரையும் கழற்ற எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டபோது அங்கிள் விடவில்லை. இரண்டுக்குமான காசை அட்வான்ஸோடு சேர்த்து எண்ணித் தந்தார். “அடுத்து வாறவைக்கு நீங்கள்தான் வந்து விளங்கப்படுத்த வேணும்” என்று ஒரு நிபந்தனை.

புது வீட்டில் முப்பது லீற்றர் கீசர். முதல் வேலையாக அடியில் வால்வின் மூக்கைத் தடவிப் பார்த்தேன். சொட்டியது. பில் வந்ததும் பார்த்தேன், படிக்கட்டுக் கட்டணம். குளிப்பதற்கு அரை மணித்தியாலம் முன் போட்டு, சூடானதும் அணைத்துவிடுகிறேன்.

போன கிழமை அம்மா ஊரிலிருந்து ஃபோன் எடுத்தார். அடுத்த மாதம் வருகிறாராம், முழங்காலைக் காட்ட.

“நாலு மணிக்கே எழும்பவேணும் என்னடா, சுடுதண்ணிக்கு?”

“இல்லையம்மா. இஞ்ச எப்ப போட்டாலும் ஒரே விலைதான். நீங்கள் நித்திரை முறிஞ்ச பிறகு எழும்புங்கோ.”